மெழுகு முகம்

பண்டைய ரோமில் ஒரு பெரிய மனிதர் செத்துப்போனால், அவருடைய சவ ஊர்வலத்துக்கு அவருடைய தாத்தா வருவார். தாத்தாவின் தாத்தாவும் வருவார். இருநூறு வருடத்துக்கு முன்னால் மண்ணாகிப்போன கொள்ளுப்பாட்டன்கூட தேரில் ஏறி, ஜம்மென்று உட்கார்ந்து வருவார்!

கட்டுக்கதை இல்லை. கண்ணால் பார்த்து எழுதிவைத்த சாட்சி இருக்கிறது. பெயர், பொலிபியஸ். கிரேக்கர். கி.மு. 168-ல் மாஸிடோனியாவை அடித்து நொறுக்கிய கையோடு, கிரேக்கத்தின் முக்கியப் புள்ளிகள் ஆயிரம் பேரைப் பிணைக்கைதிகளாக இத்தாலிக்கு அள்ளிக்கொண்டு போனது ரோம். அதில் இவரும் ஒருவர். கைதி என்றாலும் பெரிய வீட்டுக் கைதி. ரோமின் உயர்குடி வீடுகளில் சகஜமாகப் புழங்கினார். 'இவ்வளவு சின்ன ஊர் எப்படி உலகத்தையே வளைத்துப் போட்டது?' என்பதுதான் அவர் தலையைக் குடைந்த கேள்வி. பதில் தேடும்போது ராணுவம், சட்டம் இதோடு சேர்த்து ஒரு சாவு வீட்டையும் விலாவாரியாக வர்ணித்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவர் பார்த்தது இதுதான். ஒரு பிரமுகர் இறந்ததும் வீட்டில் இருக்கும் மூதாதையர்களின் மெழுகு முகமூடிகளை வெளியே எடுக்கிறார்கள். உயரத்திலும் உடல்வாகிலும் அந்தந்த மூதாதையரைப் போலவே இருக்கும் ஆட்களைப் பிடித்து, ஆளுக்கொரு முகமூடியை மாட்டிவிடுகிறார்கள். உடையும் அவரவர் பதவிக்குத் தக்கபடி. கான்சலாக இருந்தவருக்கு ஊதாக் கரை போட்ட அங்கி. சென்சாராக இருந்தவருக்கு முழு ஊதா. யுத்தத்தில் ஜெயித்து வெற்றி ஊர்வலம் கண்டவர் என்றால் தங்க ஜரிகை. முன்னால் கோடரிக் கட்டுகளைச் சுமந்தபடி சேவகர்கள். ஊர்வலம் நகரின் நடுச் சதுக்கத்துக்கு வந்ததும் எல்லா 'மூதாதையரும்' தேரிலிருந்து இறங்கி, தந்த நாற்காலிகளில் வரிசையாக அமர்வார்கள். செத்தவரின் மகன் மேடையேறி, அப்பாவின் சாதனைகளைச் சொல்லி முடித்து, பிறகு உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரின் கதையாக ஆரம்பிப்பான். இதைப் பார்க்கும் எந்த இளைஞனுக்குத்தான் ரத்தம் கொதிக்காது என்று வியந்துபோகிறார் பொலிபியஸ்.

இடையில் கொஞ்சம் தமாஷும் உண்டு. இது பிற்காலத்துக் கதை. கி.பி. 79-ல் வெஸ்பாசியன் என்ற சக்ரவர்த்தி இறந்தார். மகா சிக்கனக்காரர். கஞ்சன் என்றே சொல்லலாம். அவர் முகமூடியைப் போட்டுக்கொண்டு நடந்த நடிகர், வழியில் அதிகாரிகளிடம், "இந்தச் சாவுக்கு எவ்வளவு செலவு?" என்று கேட்டார். "ஒரு கோடி செஸ்டர்ஸ்." "அடப்பாவிகளா! எனக்கு ஒரு லட்சத்தைக் கொடுத்துவிட்டு, என்னைத் தூக்கி டைபர் ஆற்றில் போட்டுவிடுங்கள்!" என்றாராம். கூட்டம் எப்படிச் சிரித்திருக்கும்!

சரி, இந்த முகமூடிகள் மற்ற நாட்களில் எங்கே இருக்கும்?

அதற்கு நாம் ஒரு ரோமானியப் பணக்கார வீட்டுக்குள் நுழைந்தாக வேண்டும். வாருங்கள்.

தெருவைப் பார்த்த பக்கம் ஜன்னல்கள் அதிகம் இருக்காது. வாசற்கதவைத் தாண்டினால் குறுகலான நடை. அதைக் கடந்தால் திடீரென்று உயர்ந்து நிற்கும் கூடம். பெயர், ஏட்ரியம். கூரையின் நடுவில் சதுரமாக ஒரு திறப்பு. வெளிச்சமும் மழையும் அதன் வழியாகத்தான். மழைநீர் விழ, நேர் கீழே தரையில் ஆழமில்லாத ஒரு தொட்டி. சுற்றிலும் சின்னச் சின்ன அறைகள். தொட்டிக்கு அந்தப்புறம், வாசலுக்கு நேரெதிரே, குடும்பத் தலைவர் உட்காரும் திறந்த அறை. வாசலில் நிற்பவனுக்குக் கூடம், தொட்டி, தலைவர், அவருக்குப் பின்னால் தோட்டம் என்று எல்லாமே ஒரே நேர்கோட்டில் தெரியும். தற்செயல் அல்ல. அப்படித் தெரிய வேண்டும் என்றே கட்டினார்கள்.

ஏனென்றால் இது குடியிருக்க மட்டும் கட்டிய வீடல்ல, ஆபீஸும்கூட. விடிந்ததும் விடியாததுமாக வாசலில் கூட்டம் கூடிவிடும். கடன் கேட்பவர், வழக்குக்குச் சிபாரிசு தேடுபவர், சும்மா வணக்கம் போட வந்தவர்… எல்லோரும் அந்த வீட்டை நம்பிப் பிழைப்பவர்கள். பதிலுக்கு, தேர்தல் வந்தால் தலைவருக்கு ஓட்டு, வீதியில் இறங்கினால் பின்னால் நடக்க ஆள்பலம். விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர் இதைப் பச்சையாகவே எழுதிவைத்தார். சாதாரண ஆளுக்குப் பெரிய கூடமெல்லாம் தேவையில்லை. அவன்தான் அடுத்தவர் வீட்டுக்குப் போய் நிற்கப் போகிறான். அவன் வீட்டுக்கு யார் வந்து நிற்கப் போகிறார்கள்?

அப்படிக் காத்திருப்பவர்களின் கண்ணில் படும்படி, அந்தக் கூடத்தில்தான் முகமூடிகள் இருந்தன. ஆளுக்கொரு மர அலமாரி. கீழே பெயர், வகித்த பதவிகள், செய்த காரியங்கள். எல்லாவற்றையும் இணைக்கும் வம்சக் கோடுகள் சித்திரமாக. ஒரு ரூபாய் கடன் கேட்க வந்தவன்கூட, இருநூறு வருட கான்சல்களின் பார்வையைத் தாங்கிக்கொண்டுதான் கேட்டாக வேண்டும்.

யார் வேண்டுமானாலும் தங்கள் முப்பாட்டனை மெழுகில் செய்து மாட்டிவிட முடியுமா? ம்ஹூம். மக்கள் ஓட்டுப் போட்டு, உயர் பதவி ஒன்றிலாவது உட்கார்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் முகம். பெண்களுக்கு? பதவியே கிடையாது. எனவே முகமும் கிடையாது.

இப்போது ஒரு சிக்கல் புரிகிறதா? முகம் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு ஓட்டு சுலபமாக விழும். ஓட்டு விழுந்தால் இன்னொரு முகம் சேரும். முதல் இருக்கிறது, வட்டி சேருகிறது, வட்டி மறுபடி முதலாகிறது. கூட்டு வட்டிக் கணக்கு! முதலே இல்லாதவன் என்ன செய்வான்?

கி.மு. 107-ல் கான்சலான மரியஸைத்தான் கேட்க வேண்டும். தலைநகரில் செல்வாக்கில்லாத வெளியூர்க் குடும்பம். காட்டுவதற்கு ஒரு மெழுகு முகம் இல்லை. எதிரிகள் அதையே சொல்லிச் சொல்லி இளித்தார்கள். அவர் காட்டியது, போர்க்களத்தில் வாங்கிய தழும்புகளை. அத்தனையும் மார்பில் பட்ட காயங்கள், முதுகில் ஒன்றுகூட இல்லை என்பது அவர் வாதம். ஏழு முறை கான்சல் ஆனார். முகமில்லாத மனிதர்.

*

மெழுகு உருகும், உடையும், எலி தின்னும். அந்த அசல் முகமூடிகளில் ஒன்றுகூட இன்று உலகத்தில் இல்லை. ஆனால், அதே காலத்தின் கல் முகங்கள் ஏராளமாக மிஞ்சியிருக்கின்றன. அவற்றைப் பார்த்தால் முதலில் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும்.

ரோமின் டொர்லோனியா குடும்பத் தொகுப்பில் ஒரு பளிங்குத் தலை இருக்கிறது. கிழவர். பெயர் தெரியாது. பல் போய் ஒட்டிய கன்னம். கண்ணுக்குக் கீழே பை. நெற்றியில் உழுதாற்போலக் கோடுகள். தொங்கும் தாடை. சிற்பி ஒரு சுருக்கத்தைக்கூடத் தள்ளுபடி செய்யவில்லை! கிரேக்கர்களைப் பாருங்கள், சாமியானாலும் ஆசாமியானாலும் அழகு கொஞ்சும் உடம்பு, மாசுமருவற்ற முகம். ரோமானியர் மட்டும் காசு கொடுத்து ஏன் இப்படித் தங்களைக் கிழவர்களாகச் செதுக்கிக்கொண்டார்கள்?

அது ஒரு விளம்பரம். ரோம் என்பது கிழவர்களின் ஊர். செனட் என்ற பெயரே 'முதியவர்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததுதான். இன்ன வயதுக்கு மேல்தான் இன்ன பதவி என்று சட்டமே இருந்தது. முகத்தில் ஒவ்வொரு கோடும் தேசத்துக்கு உழைத்த ஒவ்வொரு வருடத்துக்கான ரசீது. ஆக, அந்தச் சுருக்கங்கள் அத்தனையும் நிஜமாகவே இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. கூடுதலாகப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டவர்களும் இருந்திருப்பார்கள்!

ரோம் நகர அருங்காட்சியகத்தில் இன்னொரு சிலை. 'பார்பெரினி' சிலை என்பார்கள். அங்கி போர்த்திய ஒரு மனிதர். இரண்டு பக்கமும் இரண்டு மூதாதையர்களின் தலைகளைத் தாங்கியபடி நிற்கிறார். 'நான் யார் தெரியுமா? இவர் பேரன், அவர் மகன்!' என்று ஊருக்கு அறிவிக்கும் தோரணை. இதில் ஒரு வேடிக்கை, அவருடைய கழுத்துக்கு மேலே இருக்கும் தலை அவருடையதே அல்ல! சொந்தத் தலை எப்போதோ தொலைந்துபோய், வேறொரு பழைய தலையைப் பிற்காலத்தில் ஒட்டவைத்திருக்கிறார்கள். வம்சப் பெருமை பேசிய மனிதருக்குக் கடைசியில் முகம் இல்லாமல் போய்விட்டது.

*

முகத்துக்கு இவ்வளவு மரியாதை என்றால், அந்த முகங்கள் குடியிருந்த வீட்டுக்கு?

பாலடைன் குன்றில் ஒரு மனை. கீழே எட்டிப் பார்த்தால் சதுக்கம். ரோமிலேயே விலை உயர்ந்த இடம். கி.மு. 91-ல் மக்கள் பிரதிநிதியாக இருந்த லிவியஸ் ட்ரூசஸ் அங்கே வீடு கட்டியபோது, கட்டடக் கலைஞர் ஒரு யோசனை சொன்னார்: "வெளியிலிருந்து ஒரு ஆள்கூட உள்ளே பார்க்க முடியாதபடி கட்டித் தருகிறேன்." ட்ரூசஸ் திருப்பிக் கேட்டார்: "நான் என்ன செய்தாலும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கட்ட முடியுமா உன்னால்?"

மெச்ச வேண்டிய பதில்தான். ஆனால் திறந்த வீடு என்றால் யாரும் நுழையலாமே. இத்தாலியின் மற்ற மக்களுக்கும் ரோமானியக் குடியுரிமை வேண்டும் என்று ட்ரூசஸ் போராடிக்கொண்டிருந்த நேரம். அதே வருடம், ஒரு மாலை, வழக்கம்போலக் கூட்டம் சூழ வீடு திரும்பினார். அவருடைய சொந்தக் கூடத்திலேயே யாரோ கத்தியால் குத்தினார்கள். கத்தியை உடம்பிலேயே விட்டுவிட்டு ஆள் மாயம். சில மணி நேரத்தில் ட்ரூசஸ் இறந்தார். கொலைகாரன் கடைசிவரை சிக்கவில்லை.

அந்த மனையில் இருந்த வீட்டைத்தான் கி.மு. 62-ல் சிசரோ வாங்கினார். விலை 35 லட்சம் செஸ்டர்ஸ். கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஜூலியஸ் சீஸர் இரட்டிப்பாக்கிய பிறகும், ஒரு படைவீரனின் வருடச் சம்பளம் 900 செஸ்டர்ஸ்தான். அதாவது, ஏறக்குறைய 3,900 வீரர்களின் ஒரு வருடச் சம்பளத்தைக் கொட்டி ஒரு வீடு! வக்கீல் சிசரோ கையில் அவ்வளவு ஏது? கடன் வாங்கினார். 'யாராவது சதித்திட்டம் போட்டால் நானும் சேர்ந்துவிடுவேன், அவ்வளவு கடன்' என்று நண்பருக்குக் கிண்டலாகக் கடிதம் வேறு. முந்தைய வருடம்தான் அவர் கான்சலாக இருந்து, நிஜமான ஒரு சதியை அடக்கியிருந்தார்.

ஏன் இந்த வேண்டாத வேலை என்கிறீர்களா? சிசரோவும் மரியஸ் மாதிரிதான். அதே அர்பினம் ஊர்க்காரர். வீட்டில் ஒரு மெழுகு முகம் கிடையாது. முகம் இல்லாதவருக்கு முகவரியாவது வேண்டாமா?

அந்த முகவரியின் மீதுதான் எதிரி க்ளோடியஸ் கைவைத்தார். கி.மு. 58-ல் சிசரோ நாடு கடத்தப்பட, வீடு சூறையாடி இடிக்கப்பட்டது. இடித்ததோடு விடவில்லை. அந்த இடத்தில் 'சுதந்திர' தேவிக்கு ஒரு சந்நிதி எழுப்பி, சிலையும் வைத்துவிட்டார் க்ளோடியஸ். சாமி இடம் ஆகிவிட்டால் யாரால் திருப்பிக் கேட்க முடியும்? கில்லாடித்தனம்!

அடுத்த வருடம் சிசரோ திரும்பி வந்தார். குருமார்கள் சபை முன்னால் தன் வீட்டுக்காகத் தானே வாதாடினார். 'அது தேவி சிலையா? கிரேக்கத்தில் டனாக்ரா ஊரில் ஒரு விலைமகளின் சமாதியிலிருந்து பெயர்த்து வந்த சிலை' என்று போட்டு உடைத்தார். தீர்ப்பு சிசரோ பக்கம். மனை திரும்பக் கிடைத்தது. வீட்டுக்கான நஷ்டஈடு 20 லட்சம். வாங்கிய விலையோடு ஒப்பிட்டால் 15 லட்சம் நஷ்டம். ஆனாலும் அதே இடத்தில் மறுபடி கட்டினார். வீடு போனால் ரோமில் ஆளே போன மாதிரி என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

*

சரி, கான்சலும் ஆக முடியாத, குன்றின் மேல் மனையும் வாங்க முடியாத ஜனங்கள்?

அவர்களும் சும்மா இருக்கவில்லை. கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பெய் நகரில் சிசிலியஸ் யுகுண்டஸ் என்று ஒரு ஏலத் தரகர் இருந்தார். 1875-ல் அவர் வீட்டைத் தோண்டியபோது ஒரு பெட்டி நிறைய மெழுகு பூசிய மரப்பலகைகள். 150-க்கும் மேல். எல்லாம் வரவு செலவு ரசீதுகள்! இன்னார் அடிமையை விற்றேன், இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடுத்தேன், சாட்சிகள் இன்னின்னார். இந்த வீட்டில் மெழுகு, முப்பாட்டன் முகத்துக்குப் பயன்படவில்லை. கணக்கு எழுதப் பயன்பட்டது.

ஆனால் முகம் இல்லாமல் இல்லை. கூடத்தில் ஒரு தூணின் மேல் வெண்கலத் தலை. கன்னத்தில் பெரிய மரு. விடைத்த காது. உதட்டில் ஒரு வியாபாரிச் சிரிப்பு. இவர் யுகுண்டஸா, அவர் வீட்டுப் பெரியவரா என்று ஆய்வாளர்கள் நடுவில் இன்னும் வழக்கு தீரவில்லை. யார் வைத்தது என்பதில் மட்டும் சந்தேகமில்லை. 'நம்ம லூசியஸ்' என்ற உரிமையோடு தன் பெயரையும் பொறித்து வைத்திருப்பவன் ஃபெலிக்ஸ், அந்த வீட்டில் விடுதலை பெற்ற ஓர் அடிமை.

விடுதலை பெற்ற அடிமைகளின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அடிமைக்குச் சட்டப்படி அப்பாவே கிடையாது. பிறகு தாத்தா முகமூடிக்கு எங்கே போவான்? அவர்கள் செய்த காரியம் அபாரம். ரோமுக்கு வெளியே சாலையோரச் சமாதிகளில் தங்கள் சொந்த முகங்களையே கல்லில் செதுக்கி வைத்தார்கள். கணவன், மனைவி, நடுவில் பிள்ளை… வீட்டு ஜன்னலிலிருந்து தெருவை எட்டிப் பார்ப்பதுபோல. அதே சுருக்கம், அதே கண்டிப்பான பார்வை. பின்னால் காட்ட யாரும் இல்லை. அதனால் தாங்களே முதல் மூதாதையர் ஆகிவிட்டார்கள்!

*

முகத்தைக் காட்டுவது இவ்வளவு பெரிய ஆயுதம் என்றால், மறைப்பது?

மரியஸைத் தோற்கடித்த கட்சியின் தலைவர் சல்லா, ரோமைக் கைப்பற்றியதும் மரியஸின் உருவம் பொது இடத்தில் தலைகாட்ட முடியாமல் போயிற்று. கி.மு. 69-ல் மரியஸின் விதவை ஜூலியா இறந்தார். அவருடைய அண்ணன் மகன், முப்பதைத் தொட்ட ஓர் இளைஞன், அத்தையின் ஊர்வலத்தில் துணிச்சலாக மரியஸின் உருவங்களைக் கொண்டுவந்தான். சிலர் கத்தினார்கள். ஜனம் கைதட்டி அவர்கள் வாயை அடைத்தது. அந்த இளைஞன்தான் ஜூலியஸ் சீஸர். முகமே இல்லை என்று இளிக்கப்பட்ட மரியஸின் முகத்தை வைத்து அவர் அரசியலில் லாபம் பார்த்தார்.

சீஸருக்குப் பிறகு அகஸ்டஸ். குடியரசு முடிந்து ஒற்றை ஆட்சி வந்தது. சிற்பமும் உடனே மாறிவிட்டது. அகஸ்டஸ் இறந்தபோது வயது 75. ஆனால் அவர் சிலைகள் ஒன்றிலும் கிழட்டுத்தனம் கிடையாது. என்றும் இளைஞர். உழைப்பின் ரசீதைக் காட்ட வேண்டிய அவசியம் இனி அவருக்கு இல்லை. யார் கேட்கப் போகிறார்கள்?

அவருக்கு அடுத்து வந்தவர் டைபீரியஸ். இவர் முகம் நமக்கும் தூரம் அல்ல. கோவை வட்டாரத்தில் பூமிக்கடியில் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் அகஸ்டஸுக்குப் பக்கத்திலேயே இவரும் இருக்கிறார். மிளகு வாங்க வந்த பணம். ஒரு குடும்பத்தின் கூடத்தில் இருந்த முகம் இப்போது கடல் தாண்டி, முகம் தெரியாதவர்களின் பணப்பையில்!

டைபீரியஸ் காலத்தில்தான், கி.பி. 20-ல், பைஸோ என்ற பிரமுகர் மீது வழக்கு நடந்தது. தீர்ப்புக்கு முன்பே அவர் உயிர் போய்விட்டது. செனட் விடவில்லை. சிலைகளை அகற்று. நகர வாசல் ஒன்றின் மேலே வீடுகளை இணைத்து அவர் கட்டியதை இடி. இனி அந்தக் குடும்பத்தில் எந்தச் சாவு விழுந்தாலும் அவருடைய முகமூடி வரக்கூடாது, மற்ற முகங்களோடு வைக்கவும் கூடாது. உத்தரவை வெண்கலத்தில் பொறித்து மாகாணங்களில் நிறுத்தவும் ஆணையிட்டார்கள். அந்த வெண்கலம் ஸ்பெயினில் கிடைத்து, 1996-ல் வாசகம் முழுதாக வெளியானது. மறக்கச் சொன்ன உத்தரவே, இரண்டாயிரம் வருடம் கழித்து அவரை ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கிறது!

இரண்டு வருடம் கழித்து ஜூனியா இறந்தார். சீஸரைக் கொன்ற புரூட்டஸின் தங்கை, ஒரே தாய் வயிறு. சீஸரைக் கொன்ற காஸியஸின் மனைவி. இருவரும் பிலிப்பி போர்க்களத்தில் உயிரை விட்டு 63 வருடங்கள் கடந்திருந்தன. ஊர்வலத்தில் இருபது பெரிய குடும்பங்களின் முகங்கள் வரிசையாக நடந்தன. இரண்டு மட்டும் இல்லை. அண்ணன் இல்லை. கணவன் இல்லை. அத்தனை முகங்களிலும் அதிகம் பளிச்சிட்டவர்கள் அந்த இருவர்தான், காரணம் அவர்களைக் காணவில்லை என்கிறார் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ்.

வெளியில்தானே தடை? வீட்டுக்குள்?

கி.பி. 65. நீரோவின் ஆட்சி. காஸியஸ் வம்சத்தில் வந்த காயஸ் காஸியஸ், நாடே மதித்த சட்ட அறிஞர். அவர் மீது குற்றச்சாட்டு: வீட்டில் மூதாதையர் உருவங்களுக்கு நடுவே பழைய காஸியஸையும் வைத்திருக்கிறார், கீழே 'கட்சியின் தலைவர்' என்று எழுதியும் வைத்திருக்கிறார். போதாதா? சார்டினியா தீவுக்கு நாடு கடத்தினார்கள். முதியவரான காஸியஸுக்கு அப்போது கண்பார்வை போய்விட்டிருந்தது. தன்னால் பார்க்கவே முடியாத ஒரு முகத்தை வீட்டில் வைத்திருந்ததற்காக அவருக்குத் தண்டனை.

மூன்றே வருடம். நீரோ வீழ்ந்தார். அவருடைய தங்க மாளிகையின் ஏரியைத் தூர்த்து அந்த இடத்தில் கொலோசியம் எழும்பியது. சிலைகள்? பளிங்கு விலை என்ன ஆகிறது, வீணாக்க மனசு வருமா? நீரோவின் தலைகள் பலவற்றைக் கொஞ்சம் செதுக்கி, கன்னத்தைக் குறைத்து, சுருக்கம் போட்டு, பின்னால் வந்த ஒருவரின் முகமாக மாற்றிவிட்டார்கள்.

அப்படிப் பின்னால் வந்தவர், அந்தச் சிக்கனக்கார வெஸ்பாசியன்!